ஐம்பது நிமிடத்தில் வந்த 45 பக்கம்

2007 ஜூலை 13, வெள்ளிக்கிழமை. ருமேனியாவின் தலைநகர் புக்கரெஸ்டில் ஒரு தனியார் கம்பெனியின் ஆபீஸ். மாலை 4.30 மணிக்கு விற்பனைப் பிரிவுப் பொறியாளர் ஒருவரை நிர்வாகம் விளக்கம் கேட்டுக் கூப்பிடுகிறது. ஆபீஸ் இணையத்தைச் சொந்த விஷயத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறீர்கள், உங்கள் யாஹூ மெசஞ்சரைக் கண்காணித்ததில் தெரிந்தது என்கிறது நோட்டீஸ். கூடவே, மற்ற ஊழியர்களைவிட இவர் எவ்வளவு அதிகமாக இணையத்தில் இருந்தார் என்று காட்டும் வரைபடங்கள். அவர் அன்றே எழுத்தில் பதில் கொடுக்கிறார்: மெசஞ்சரை வேலைக்கு மட்டும்தான் பயன்படுத்தினேன்.

5.20 மணிக்கு மறுபடி கூப்பிடுகிறார்கள். இந்தத் தடவை நோட்டீஸோடு 45 பக்கம் பிரிண்ட் அவுட். தன் சகோதரருடனும், தனக்கு நிச்சயமான பெண்ணுடனும் அவர் பேசியதெல்லாம் வரிக்கு வரி அதில் இருந்தது. சில பகுதிகள் மிகவும் அந்தரங்கமானவை. என்ன பேசினார்கள் என்பதைத் தீர்ப்பே ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. அந்த ஒரு வரியும் நமக்கு வேண்டாம்.

ஆகஸ்ட் 1 அன்று அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். அவர் தொடுத்த வழக்கு முடிய பத்து வருடம் ஆனது. 'பர்புலெஸ்கு எதிர் ருமேனியா' என்ற பெயரில் தொழிலாளர் சட்டம் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் இன்று அது தெரியும். ஆபீஸ் மெயிலையோ ஆபீஸ் சாட்டையோ சொந்த விஷயத்துக்குத் தொட்டதற்காக வேலை போனவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், பேச்சு எப்படியும் இந்த வழக்கில் வந்து நிற்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவர் ஒரு பாவமும் அறியாதவர் இல்லை. விதி இருந்தது, அதை மீறினார், கேட்டபோது இல்லை என்றார். எனக்கு இந்த வழக்கு பிடித்ததே அதனால்தான். தப்பே செய்யாதவனுக்காக வாதாடுவது சுலபம்.

டெலக்ஸ் இருந்த விதி

அவர் 2004 ஆகஸ்ட் 1 அன்று வேலையில் சேர்ந்தார். வாடிக்கையாளர்கள் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு யாஹூ மெசஞ்சர் கணக்கு தொடங்கச் சொன்னது கம்பெனிதான். அவருக்கென்று சொந்தமாக இன்னொரு யாஹூ கணக்கு ஏற்கெனவே இருந்தது. ஆக, ஒரே ஆள், ஒரே கம்ப்யூட்டர், இரண்டு கணக்கு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

கம்பெனியின் உள்விதிகளில் 50ஆம் பிரிவு தெளிவாக இருந்தது. கம்ப்யூட்டர், நகல் எடுக்கும் இயந்திரம், தொலைபேசி, டெலக்ஸ், ஃபேக்ஸ் எதையும் சொந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. 2006 டிசம்பர் 20 அன்று அதில் அவர் கையெழுத்தும் போட்டிருக்கிறார். ஃபேக்ஸுக்கும் முந்தைய காலத்துத் தட்டச்சுத் தந்தி இயந்திரமான டெலக்ஸ்கூட அந்த விதியில் இருக்கிறது. நாங்கள் கண்காணிப்போம், நீங்கள் எழுதுவதைப் படிப்போம் என்று ஒரு வார்த்தை இல்லை. விதியை எழுதியவர் பழைய கோப்பு ஒன்றிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டாரோ என்னவோ. எத்தனை ஆபீஸ்களில் அப்படித்தானே நடக்கிறது? சேருகிற அன்று பத்துத் தாள் நீட்டுவார்கள், பத்திலும் கையெழுத்து போட்டுவிட்டு நம் மேஜை எங்கே என்று பார்க்கப் போவோம்.

அப்புறம் ஒரு சுற்றறிக்கை வந்தது. கிளுஜ் நகரிலிருந்த தலைமை அலுவலகம் 2007 ஜூன் 26 தேதியிட்டு அனுப்பியது. புக்கரெஸ்ட் ஆபீஸில் அது ஜூலை 3 அன்று சுற்றுக்கு வந்தது. இணையம், போன், நகல் இயந்திரம் என்று சொந்த விஷயத்துக்குப் பயன்படுத்தியதும் ஒரு காரணமாக, ஒரு பெண் ஊழியரை நீக்கிவிட்டோம் என்று அதில் சேதி. ஆபீஸுக்கு ஆபீஸ் வேலையைப் பார்க்க வாருங்கள், சொந்தப் பிரச்சினையைப் பார்க்க வராதீர்கள் என்று கண்டிப்பு. ஊழியர்களின் வேலையைச் சரிபார்க்கவும் கண்காணிக்கவும் வேண்டியிருக்கிறது, தப்பு செய்தால் தண்டனை உண்டு என்று எச்சரிக்கை.

இதிலும் அவர் கையெழுத்து போட்டார். எந்த நாள்? ஜூலை 3க்கும் 13க்கும் நடுவில் ஏதோ ஒரு நாள் என்பதுவரைதான் தெரிகிறது. கம்பெனி அவருடைய மெசஞ்சரைப் பதிவு செய்யத் தொடங்கியதோ ஜூலை 5. அதாவது சுற்றறிக்கை கைமாறத் தொடங்கிய மூன்றாம் நாளே. அவர் அதைப் படித்துக் கையெழுத்திடுவதற்கு முன்பே பதிவு ஓடிக்கொண்டிருந்திருக்கலாம். ஜூலை 13 வரை, எழுத எழுதப் பதிவு.

பிரிண்ட் எடுத்த 45 பக்கத்தில் அவருடைய சொந்தக் கணக்கிலிருந்து அந்தப் பெண்ணோடு பேசிய ஐந்து செய்திகளும் இருந்தன. அவற்றில் அந்தரங்கமாக எதுவும் இல்லை. ஆனாலும் அது ஆபீஸ் கணக்கு இல்லை. வலை வீசினால் எது அகப்படும் என்று வீசுகிறவனுக்கே தெரியாது என்பதற்கு அந்த ஐந்து செய்திகள் போதும்.

இன்னொன்றும் தோன்றுகிறது. ஆபீஸ் இயந்திரத்தில் சொந்த விஷயம் கூடாது என்று விதி. ஒரு மனிதனின் சொந்தப் பேச்சை 45 பக்கத்துக்கு அச்செடுத்தது ஆபீஸேதான்.

முதலில் கேள்வி, அப்புறம் சாட்சி

இந்த வழக்கின் முடிச்சு அந்த ஐம்பது நிமிடத்தில் இருக்கிறது. உள்ளூர் நீதிமன்றங்களில் கம்பெனி பக்கம் ஜெயித்த வாதம் இதுதான்: 'வேலைக்கு மட்டும்தான் பயன்படுத்தினேன் என்று அவரே சொல்கிறார். அது உண்மையா என்று பார்க்க வேண்டுமானால் உள்ளே என்ன இருக்கிறது என்று படித்துத்தானே ஆக வேண்டும்? வேறு வழி என்ன?'

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடிகாரத்தைப் பாருங்கள். அவர் மறுப்பு எழுதிக் கொடுத்தது 4.30க்கு மேல். 45 பக்கம் வந்தது 5.20க்கு. பதிவோ எட்டு நாளாக நடந்துகொண்டிருந்தது. 'நீ மறுத்ததால்தான் படித்தேன்' என்று சொல்லும்போது படிக்க வேண்டியது கையில் தயாராக இருந்தது. முதல் நோட்டீஸில், எழுதியதையும் பார்த்தோம் என்று அவர்கள் சொல்லவே இல்லை. வரைபடத்தை மட்டும் காட்டிக் கேட்டார்கள். அவர் உண்மையைச் சொல்கிறாரா என்று சோதிக்க வைத்த கேள்வி போலத்தான் எனக்குத் தெரிகிறது. வீட்டில் அப்பா, பரீட்சை மார்க்கைத் தெரிந்து வைத்துக்கொண்டே 'எப்படி எழுதினே?' என்று கேட்பாரே, அந்த மாதிரி.

45 பக்கத்தைப் பார்த்ததும் அந்தப் பொறியாளர் அன்றே இன்னொரு பதில் எழுதினார். நீங்கள் செய்தது குற்றம், கடித ரகசியத்தை மீறியிருக்கிறீர்கள் என்று. கம்பெனி அதைக் கண்டுகொள்ளவில்லை.

பணிநீக்கத்தை எதிர்த்து புக்கரெஸ்ட் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனார். 2007 டிசம்பர் 7 அன்று தள்ளுபடி. விதி இருந்தது, சுற்றறிக்கை இருந்தது, எச்சரிக்கையும் செய்தார்கள், நடவடிக்கை முறைப்படி நடந்தது என்றது நீதிமன்றம். மேல்முறையீடு 2008 ஜூன் 17 அன்று தோற்றது. சொந்தப் பயன்பாட்டை நிரூபிக்க, எழுதியதைப் படிப்பது ஒன்றே வழி என்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில், பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்.

இந்த இடத்தில் ஒரு குழப்பம் வரும். வேலையை விட்டு நீக்கியது தனியார் கம்பெனி. எதிர்வாதி எப்படி ருமேனிய அரசு? ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில் கையெழுத்திட்டவை நாடுகள்தான், கம்பெனிகள் இல்லை. அதன் 8ஆம் பிரிவு தனிவாழ்வையும் குடும்பத்தையும் வீட்டையும் கடிதப் போக்குவரத்தையும் காக்கிறது. மக்கள் ஒருவர் உரிமையை ஒருவர் மீறும்போது அதைத் தட்டிக் கேட்கிற பொறுப்பு அரசுக்கு உண்டு, அரசென்றால் அதன் நீதிமன்றங்களும் சேர்த்துத்தான். ஆகவே ஸ்ட்ராஸ்பூர்க்கில் கேள்வி 'கம்பெனி செய்தது சரியா?' என்பது இல்லை. 'கம்பெனி செய்தது சரியா என்று உங்கள் நீதிபதிகள் ஒழுங்காகப் பார்த்தார்களா?' என்பதுதான்.

முதல் சுற்று

2016 ஜனவரி 12 அன்று ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. வேலை விஷயம்தான் இருக்கும் என்று நம்பி கம்பெனி உள்ளே பார்த்தது, மெசஞ்சரை மட்டும்தான் பார்த்தது, கம்ப்யூட்டரில் இருந்த மற்றதைத் தொடவில்லை, ஆகவே வரம்பு மீறவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். உடனே ஐரோப்பியப் பத்திரிகைகளில் 'முதலாளி உங்கள் செய்தியைப் படிக்கலாம்' என்கிற தொனியில் தலைப்புகள் பறந்தன. எத்தனை ஆபீஸில் அந்தச் செய்தியை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பார்களோ!

மாறுபட்ட அந்த ஒரு நீதிபதி போர்ச்சுகலைச் சேர்ந்த பவ்லோ பின்டோ டி அல்புகெர்க்கி. தொழிலாளி தினமும் காலையில் ஆபீஸ் வாசலில் தன் அந்தரங்க உரிமையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவதில்லை என்ற கருத்தில் அவர் எழுதியது, அடுத்த சுற்றில் பலருடைய கருத்தாக மாறியது.

வழக்கு 17 நீதிபதிகள் உட்காரும் பெரிய அமர்வுக்குப் போனது. பிரெஞ்சு அரசும் ஐரோப்பியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் தங்கள் கருத்தைச் சொல்ல உள்ளே வந்தன. 2016 நவம்பர் 30 அன்று விசாரணை. 2017 செப்டம்பர் 5 அன்று தீர்ப்பு: 11க்கு 6. 8ஆம் பிரிவு மீறப்பட்டது.

பெரிய அமர்வு என்ன கேட்டது

ஆபீஸ் மெசஞ்சரைச் சொந்தமாகப் பயன்படுத்தலாம் என்று பெரிய அமர்வு சொல்லவே இல்லை. கம்பெனி தடை போடலாம், கண்காணிக்கவும் செய்யலாம். ஆனால் எவ்வளவு கண்டிப்பான உத்தரவு போட்டாலும் வேலையிடத்தில் ஒரு மனிதனின் தனிப்பட்ட உறவுகளைப் பூஜ்யமாக்கிவிட முடியாது என்றது. தேவையென்றால் குறைக்கலாம், இல்லாமல் செய்ய முடியாது.

'கூடாது' என்று சொல்வது ஒரு விஷயம், 'பார்ப்போம்' என்று சொல்வது இன்னொரு விஷயம், 'படிப்போம்' என்பது மூன்றாவது. கம்பெனி முதலாவதைத் தெளிவாகச் சொல்லியிருந்தது. இரண்டாவதைச் சுற்றறிக்கையில் மங்கலாகச் சொன்னது. மூன்றாவதைச் சொல்லவே இல்லை. கீழ் நீதிமன்றங்கள் முதலாவதைப் பார்த்துவிட்டு மூன்றையும் ஏற்றுக்கொண்டன. என் கணிப்பில், மொத்தத் தீர்ப்பையும் பிழிந்தால் மிஞ்சுவது இதுதான். கண்காணிக்கப் போகிறோம் என்பதையும் எந்த அளவுக்கு என்பதையும் தொடங்குவதற்கு முன்பே சொல்ல வேண்டும், எழுதியதைப் படிக்கப் போவதானால் அதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும் என்கிறது நீதிமன்றம்.

அடுத்து அளவு. யாருக்கு, எப்போது, எத்தனை தடவை என்பதைப் பார்ப்பது வேறு. உள்ளே எழுதியதைப் படிப்பது அதைவிடப் பெரிய தலையீடு, அதற்குக் காரணமும் பெரிதாக இருக்க வேண்டும். இங்கே எல்லாச் செய்தியையும் உடனுக்குடன் பதிவு செய்து, படித்து, அச்செடுத்திருக்கிறார்கள். இதற்குக் குறைந்த வழி இருந்ததா என்று எந்த நீதிமன்றமும் கேட்கவில்லை. எனக்குத் தோன்றுவது: அந்த வரைபடங்களே போதாதா? விதி சொந்தப் பயன்பாட்டையே தடை செய்கிறது. செய்தி வாடிக்கையாளருக்குப் போனதா, வருங்கால மனைவிக்குப் போனதா என்பது யார் கணக்குக்குப் போனது என்பதிலேயே தெரிந்துவிடும். பேசிய வார்த்தை எதற்கு?

காரணம் என்ன என்பதும் உதைத்தது. ஊழியர் கம்ப்யூட்டர் அமைப்பைக் கெடுத்துவிடலாம், கம்பெனி பெயரில் சட்டவிரோதமாக ஏதாவது செய்யலாம், தொழில் ரகசியத்தை வெளியே சொல்லலாம் என்று மாவட்ட நீதிமன்றம் அடுக்கியிருந்தது. இவை ஏட்டளவில் சரி, இந்த ஆள் அப்படி எதையாவது செய்தார் என்று யாராவது சொன்னார்களா என்று கேட்டது பெரிய அமர்வு. யாரும் சொல்லவில்லை. அவர் செய்ததெல்லாம் சகோதரரோடும் கட்டிக்கொள்ளப் போகிறவளோடும் பேசியதுதான்.

ஐம்பது நிமிடத்துக்கும் வருகிறேன். நடவடிக்கையின் எந்தக் கட்டத்தில் கம்பெனி உள்ளே படித்தது என்பதை உள்ளூர் நீதிமன்றங்கள் கண்டுபிடிக்கவே இல்லை என்று பெரிய அமர்வு குறை சொன்னது. எந்தக் கட்டத்திலும் படித்துக்கொள்ளலாம் என்று விட்டால் வெளிப்படைத்தன்மை என்ற சொல்லுக்கே பொருள் இல்லை. மறுத்த பிறகா, மறுப்பதற்கு முன்பா? இதைக் கேட்டிருந்தால் 'வேறு வழியில்லை' வாதம் அங்கேயே ஆட்டம் கண்டிருக்கும்.

கடைசியாக விளைவு. அவருக்குக் கிடைத்தது ஒழுங்கு நடவடிக்கையிலேயே உச்சபட்சத் தண்டனை, வேலை இழப்பு. எச்சரித்து அனுப்பியிருக்க முடியாதா என்பதும் பார்க்கப்படவில்லை.

எதிர்த்த ஆறு நீதிபதிகளையும் லேசாக ஒதுக்கிவிட முடியாது. உள்ளூர் நீதிமன்றங்கள் இரண்டு பக்கத்தையும் எடைபோட்டன, அந்த எடையை நாம் திரும்பப் போட்டுப் பார்க்கக் கூடாது, தவிர அவருக்குத் தனிநபர் தரவுச் சட்டம், குற்றவியல் சட்டம் என்று வேறு கதவுகளும் இருந்தன என்பது அவர்கள் வாதம். தொழிலாளர் நீதிமன்றத்தில் எல்லாக் கேள்விக்கும் பதில் கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. ஆனால் வேலை போனவன் முதலில் ஓடுவது அங்கேதானே.

முன்னும் பின்னும்

இதே நீதிமன்றத்தில் இதற்குப் பாட்டன் வழக்கு ஒன்று இருக்கிறது. வேல்ஸில் கார்மார்தன்ஷயர் கல்லூரியில் முதல்வருக்கு உதவியாளராக இருந்த பெண்ணின் தொலைபேசி, மெயில், இணையப் பயன்பாட்டைக் கல்லூரி அவருக்குத் தெரியாமல் கண்காணித்தது. அவரை வேலையை விட்டு எடுக்கவில்லை. ஆபீஸிலிருந்து போகும் மெயிலுக்கும் தொலைபேசிக்கு உள்ளதைப் போன்ற பாதுகாப்பு உண்டு என்று 2007 ஏப்ரல் 3 அன்று தீர்ப்பு வந்தது. 3,000 யூரோ இழப்பீடும் கிடைத்தது. அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான் புக்கரெஸ்டில் அந்த வெள்ளிக்கிழமை.

பின்னால் வந்தது நேர்மாறு. பிரெஞ்சு ரயில்வே ஊழியர் ஒருவரின் ஆபீஸ் கம்ப்யூட்டரில் 1,562 ஆபாசக் கோப்புகள் இருந்தன. வேலை போனது. ஹார்டு டிஸ்கிற்கு 'சொந்தத் தரவுகள்' என்று பெயர் வைத்திருந்தேனே, அதை எப்படித் திறக்கலாம் என்று கேட்டார். 'அந்தரங்கம்' என்று குறிக்க வேண்டும் என ரயில்வேயின் விதி தெளிவாகச் சொல்கிறது, நீங்கள் அப்படிக் குறிக்கவில்லை, மொத்த டிஸ்கையும் சொந்தம் என்று பெயரிட்டால் ஆகாது என்று பிரெஞ்சு நீதிமன்றங்கள் சொன்னதை ஸ்ட்ராஸ்பூர்க் 2018 பிப்ரவரி 22 அன்று ஏற்றுக்கொண்டது. விதி முன்கூட்டியே இருந்தது, எதைத் திறப்போம் எதைத் திறக்க மாட்டோம் என்று சொல்லியிருந்தது, நீதிபதிகளும் அதைப் பார்த்தார்கள். ருமேனியாவில் இல்லாதது எல்லாம் இங்கே இருந்தது.

நம் ஊர்க்காரர்களுக்காக ஒரு சின்ன விலகல். பெரிய அமர்வின் தீர்ப்புக்குச் சரியாகப் பன்னிரண்டு நாள் முன்னால், 2017 ஆகஸ்ட் 24 அன்று, இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று அறிவித்தார்கள். ஆனால் 2023ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, வேலை சார்ந்த காரணத்துக்காக, தொழில் ரகசியம் காப்பது, உளவைத் தடுப்பது போன்றவற்றுக்காக ஊழியரின் சம்மதம் இல்லாமலே அவருடைய தரவைக் கையாளலாம் என்கிறது. ஸ்ட்ராஸ்பூர்க் 'ஏட்டளவில்' என்று ஒதுக்கிய அதே காரணங்கள் இங்கே சட்டத்திலேயே இருக்கின்றன. சென்னையிலோ கோவையிலோ கம்பெனி மெயிலில் கடன் அட்டை பில்லும் கல்யாணப் பத்திரிகையும் வாங்குகிறவர்கள் ருமேனியத் தீர்ப்பை நம்பி இருக்க வேண்டாம்.

சரி, ஜெயித்தவருக்கு என்ன கிடைத்தது? போன சம்பளத்துக்கு இழப்பீடு கேட்டார். மீறலுக்கும் அந்த நஷ்டத்துக்கும் தொடர்பு தெரியவில்லை என்று நீதிமன்றம் மறுத்தது. மன உளைச்சலுக்குக் கேட்டார். உங்கள் உரிமை மீறப்பட்டது என்று சொன்னதே போதுமான நிவாரணம் என்றார்கள், பதினாறுக்கு ஒன்று என்ற கணக்கில். செலவுக்கு 1,365 யூரோ. வேலையைத் திருப்பிக் கொடுக்கும்படி தீர்ப்பு உத்தரவிடவில்லை.

யாஹூ மெசஞ்சரை அந்த நிறுவனம் 2018 ஜூலை 17 அன்று இழுத்து மூடியது. அந்த 45 பக்கம் மட்டும் வழக்குக் கட்டில் இருக்கும்.